வல்லரசுக்கு ஏரி எதற்கு?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள இரண்டு கல்வெட்டுகளைத் தொடாமல் இந்திய மக்களாட்சியின் வரலாற்றை இன்று யாரும் பேசுவதில்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (921) வெட்டப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாக, பிரித்தது, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தது, வாரியம் என்ற குழுக்களில் இருப்பவரின் பதவியை 360 நாளோடு முடித்தது, கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கி வைத்தது எல்லாம் பள்ளிப் பாடநூலுக்கே வந்துவிட்டன. ஆனால் அதே கல்வெட்டுகள் சொல்லும் இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்த விதிகளை ஊர்ச் சபை தன்னந்தனியாகக் கூடி வகுத்துக்கொள்ளவில்லை. அரசனின் ஓலை வந்தது. அதன்படி, அரசன் அனுப்பிய அதிகாரி உடனிருக்கச் சபை கூடி வகுத்தது. 921இல் அப்படி உடனிருந்தவர், சோழ நாட்டுப் புறங்கரம்பை நாட்டிலிருந்து வந்த சோமாசிப் பெருமான். தென்னிந்தியாவின் பெரும் வல்லரசாக எழுந்துகொண்டிருந்த ஓர் அரசு, தொண்டைநாட்டின் ஓர் ஊரில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் ஏன் இவ்வளவு அக்கறை காட்டியது?

விடை ஏரியில் இருக்கிறது. தொண்டைநாட்டுக்குக் காவிரி இல்லை. பாலாறும் செய்யாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பவை. வடகிழக்குப் பருவமழை இரண்டரை மாதத்தில் கொட்டுவதைத் தேக்கி வைத்தால்தான் மற்ற மாதங்களுக்குச் சோறு. உத்திரமேரூரின் வயிரமேகத் தடாகம் பல்லவர் காலத்தில் வெட்டப்பட்டது. அதன் கரை உடைந்தாலோ வண்டல் மேடிட்டாலோ சம்பா போகும். சம்பா போனால் அரசனின் களஞ்சியத்துக்கு வரவேண்டிய நெல்லும் போகும். தஞ்சையிலிருந்து ஆள் அனுப்பி ஒவ்வொரு மதகையும் காக்க எந்தப் பேரரசாலும் முடியாது. ஆகவே ஏரியைக் காப்பவர் ஒழுங்காகத் தேர்ந்தெடுக்கப்படுவது அரசனுக்கே தேவையாயிற்று. வல்லரசுகள் உலகின் பொருளாதாரத்தையும் அரசியலையும் சுற்றுச்சூழலையும் எப்படி வடிவமைக்கின்றன என்ற பெரிய கேள்விக்கு இந்தச் சின்ன ஊரிலிருந்து ஒரு விடை தொடங்குகிறது. ஒரு வல்லரசு ஓர் ஊருக்கு என்ன செய்யும் என்பதை அதன் நல்லெண்ணமோ கெட்ட எண்ணமோ முடிவு செய்வதில்லை. அந்த ஊர் அதற்கு எவ்வளவு தேவைப்படுகிறது, எதற்காகத் தேவைப்படுகிறது, அந்தத் தேவை ஊராரின் கையிலுள்ள ஓர் அமைப்பின் வழியாகச் செல்கிறதா, அதைத் தாண்டிச் செல்கிறதா என்பவையே முடிவு செய்கின்றன. ஆயிரம் ஆண்டு வரலாறு இதற்குச் சான்று தருகிறது.

முதலில் ஒரு மறுப்பைத் தீர்த்துவிட வேண்டும். உத்திரமேரூர்ச் சபையைப் பொற்காலமாகக் காட்டுவது தவறு என்பார்கள், சரிதான். அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். குடத்தில் பெயரிட வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும். வேதமும் பாஷ்யமும் கூடுதலாகக் கற்றவருக்கு நிலத் தகுதியில் அரைக்கால் வேலிவரை சலுகை. ஏரியில் வண்டல் வாரியவருக்கும் வயலில் நாற்று நட்ட பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. எனவே அந்தச் சபை நியாயமானது என்பது இங்கே வாதமில்லை. வல்லரசு ஊரோடு பேசவேண்டியிருந்தது, அப்படிப் பேச ஓர் இடம் இருந்தது என்பதுதான் வாதம். அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்களோ பலனும் அவர்களுக்கே பெரிதும் போய்ச் சேர்ந்தது. பல்லவர் போய்ச் சோழர் வந்தார்கள். 949இல் தக்கோலத்தில் சோழர் தோற்றபின் தொண்டைமண்டலம் சிலகாலம் இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனிடம் இருந்தது. கொடிகள் மாறினாலும் ஏரி வாரியத்தின் வேலையில் யாரும் கைவைக்கவில்லை. ஏரி நிறைந்தால்தான் யாருக்கும் வரி என்பதே காரணம்.

இதற்கு நேர்மாறான நிலையை உத்திரமேரூர் 18ஆம் நூற்றாண்டில் பார்த்தது. ஐரோப்பாவில் தொடங்கிய ஏழாண்டுப் போர் வட அமெரிக்கா, கரீபியன் தீவுகள், வங்காளம் என்று பரவி, 1760 ஜனவரியில் இந்தப் பக்கத்துக்கு வந்தது. வந்தவாசிக் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட, ஐர் கூட்டின் ஆங்கிலப் படை உத்திரமேரூரில் முகாமிட்டுச் சமயம் பார்த்திருந்தது. ஜனவரி 22ஆம் நாள் நடந்த வந்தவாசிப் போர் இந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் முதுகெலும்பை முறித்தது. அடுத்த ஆண்டே புதுச்சேரி வீழ்ந்தது. கனடா யாருக்கு என்று முடிவுசெய்த அதே போர்தான் செங்கற்பட்டு யாருக்கு என்பதையும் முடிவுசெய்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1780 செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார்கள். அப்போதும் பின்னணியில் அமெரிக்க விடுதலைப் போரும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் மூண்ட பகையும் இருந்தன. அந்தப் போரில் செங்கற்பட்டுச் சீமையின் ஊர்கள் எரிந்தன, குடிகள் கலைந்தார்கள், ஏரிகள் கவனிப்பாரற்றுப் போயின. இங்கே மோதியவர்கள் எல்லோரும் வலியவர்கள்தான். ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் அவர்களுக்கு இந்த மண் விளைநிலமாகத் தேவைப்படவில்லை. படை நடக்கும் வழியாகவும் எதிரிக்குத் தீவனம் கிடைக்காமல் செய்யவேண்டிய பரப்பாகவும் மட்டுமே தேவைப்பட்டது. விளைச்சல் வேண்டாத வல்லரசுக்கு ஏரியும் வேண்டாம்.

போர் ஓய்ந்ததும் தேவை திரும்பி வந்தது. ஆற்காட்டு நவாப் 1763இல் ஜாகிர் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த செங்கற்பட்டுச் சீமைதான் தென்னாட்டில் அது தொடக்கத்திலேயே பெற்ற பெரிய வருவாய்ப் பகுதிகளில் ஒன்று. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் ஊர் ஊராக எடுத்த அளவைக் கணக்குகளைப் பார்த்தால் பழைய ஏற்பாட்டின் எலும்புக்கூடு தெரிகிறது. களத்தில் நெல் அளக்கும்போதே கோயிலுக்கும், கணக்கனுக்கும், தச்சன் கொல்லனுக்கும், நீர் பாய்ச்சும் ஆளுக்கும், ஏரிக்கும் தனித்தனிப் பங்கு ஒதுக்கப்பட்டது. மானியம், மேரை என்ற பெயர்களில் ஊரின் பொதுச்செலவு அரசனின் பங்குக்கு முன்பே பிரிந்துவிடும். 1794இல் ஜாகிரின் கலெக்டராக வந்த லயோனல் பிளேஸ், உடைந்து கிடந்த மதுராந்தகம் ஏரிக்கரையைப் பழுதுபார்த்தார். இராமனும் இலக்குவனும் வில்லேந்திக் கரையைக் காத்ததை அவர் கண்டதாக ஏரி காத்த ராமர் கோயிலில் இன்றும் சொல்கிறார்கள். கதை எப்படியிருந்தாலும், ஒரு கம்பெனி கலெக்டர் மழைக்கால இரவில் ஏரிக்கரையைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதை மக்கள் நம்பத் தயாராக இருந்ததே செய்தி. நிலவரி கம்பெனியின் உயிர்நாடி; ஆகவே பராந்தகனைப் போலவே அதற்கும் ஏரி தேவைப்பட்டது.

ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. அதுதான் பின்னால் வந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது. கம்பெனிக்கு ஏரி தேவைப்பட்டது, வாரியம் தேவைப்படவில்லை. களத்தில் பிரிந்த பங்குகளை அது வருவாய்க் கசிவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டது. ஊரிலேயே தங்கிச் செலவாகியிருக்க வேண்டிய பணம் கஜானாவுக்குப் போய், அங்கிருந்து மராமத்து மானியமாகச் சொட்டுச் சொட்டாகத் திரும்பி வந்தது. சில ஆண்டுகளில் அதுவும் வரவில்லை. சென்னை மாகாணத்தின் நீர்நிலைகளை அரசு கைவிட்டுவிட்டது என்று பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1850களில் எழுதிக் குவித்தது இதைத்தான். அதற்கு அரசு சொன்ன பதில் 1858ஆம் ஆண்டுச் சட்டம். குடிமராமத்து என்று ஊர் வழக்கமாகச் செய்துவந்த வேலையைச் செய்யாதவருக்குத் தண்டம் விதிக்க அது வழிசெய்தது. பங்கைப் பிடுங்கிக்கொண்டபின் கடமையை மட்டும் சட்டத்தால் நிறைவேற்றிக்கொள்ள முடியுமா? முடியவில்லை. வல்லரசின் தேவை இருந்தும் ஏரிகள் தூர்ந்ததற்கு இதுதான் காரணம். தேவை மட்டும் போதாது. அந்தத் தேவையை வைத்துப் பேரம் பேச ஊருக்கு ஓர் அமைப்பும் அதன் கையில் வருவாயும் வேண்டும். இரண்டில் ஒன்று போனால் மற்றதும் நிலைக்காது.

இரண்டும் போனால் என்ன ஆகும் என்பதை 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் காட்டியது. பசிபிக் பெருங்கடலில் எழுந்த எல் நினோ பருவமழையைப் பொய்க்கச் செய்தது. அது யார் குற்றமும் அல்ல. ஆனால் பஞ்சத்துக்கு முன்பே இருப்புப்பாதையும் தந்தியும் வந்துவிட்டன. தானியம் பசி இருக்கும் இடத்துக்குப் போகாமல் விலை இருக்கும் இடத்துக்குப் போவதற்கு அவை வழிவகுத்தன. நாட்டில் பஞ்சம் தலைவிரித்தாடிய நாட்களில் கப்பலில் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. 1877 புத்தாண்டு நாளில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் நடத்தினார். சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் என்று கூலியைக் குறைத்தார். சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலியில் வெட்டப்பட்டது. மாண்டவர்கள் பல லட்சம். பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் இலங்கைத் தோட்டங்களுக்கும் அதற்கு அப்பாலும் கப்பலேறினார்கள். மழை பொய்த்தது இயற்கை என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. தொண்டைநாட்டில் மழை பொய்ப்பது என்றும் புதிதல்ல, அதற்காகத்தானே ஏரி. ஏரியையும் களத்துப் பங்கையும் இழந்த ஊர், விலையை லண்டன் முடிவு செய்யும் சந்தையில் வெறுங்கையோடு நின்றது. அங்கே பேரரசுக்கு அந்த ஊரின் வரி தேவைப்பட்டது. அந்த ஊரின் ஆள் தேவைப்படவில்லை, அவர் வேறொரு தோட்டத்தில் கூலியாகப் பயன்படும்வரை.

விடுதலைக்குப் பிறகு வல்லரசு வேறு முகத்தோடு வந்தது. அமெரிக்கா 1954இல் இயற்றிய பொதுச் சட்டம் 480இன்படி, அங்கே உபரியாகக் குவிந்த கோதுமை இந்தியாவுக்கு ரூபாய் விலையில் கிடைத்தது. 1965லும் 1966லும் மழை பொய்த்தபோது ஒரே ஆண்டில் ஒரு கோடி டன் அளவுக்குத் தானியம் இறக்குமதியாயிற்று. அமெரிக்க அதிபர் ஜான்சன் அதை மொத்தமாக அனுமதிக்காமல் மாதக் கணக்கில் கயிற்றை இழுத்துப் பிடித்தார். வேளாண் கொள்கையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது இன்னொரு எரிச்சல். 1966 ஜூன் 6ஆம் நாள், உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் அழுத்தியதில், டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் 7.50 ஆக விழுந்தது. மறுஆண்டுத் தேர்தலில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து, தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் வென்றது. வாஷிங்டனில் ஒருவர் கப்பலை நிறுத்தி வைத்ததற்கும் இங்கே ஆட்சி மாறியதற்கும் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ரேஷன் கடை வரிசை இருந்தது என்பதை மறுக்கவும் முடியாது.

இங்கே நியாயமான எதிர்வாதம் ஒன்று எழும். வல்லரசுகள் கெடுதல் மட்டுமா செய்தன? பசியைப் போக்கிய நெல்லும் அவற்றின் வழியாகத்தானே வந்தது? உண்மை. ராக்ஃபெல்லர், ஃபோர்டு அறக்கட்டளைகள் 1960இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. வேளாண் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் எதிர்ப்புகளுக்கு நடுவே குட்டை ரக விதைகளை இந்தியாவில் நுழைத்தார். ஆற்காட்டு, செங்கற்பட்டு உழவர்கள் அவற்றை ஏற்றுக்கொள்ளத் தயங்கவில்லை; மகசூல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அமெரிக்கா அதில் அக்கறை காட்டியதன் காரணத்தையும் பார்க்க வேண்டும். பசித்த ஆசியா சிவந்துவிடும் என்ற அச்சம் பனிப்போர்க் காலத்தில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. அன்று இந்திய உழவர் வாஷிங்டனுக்குத் தேவைப்பட்டார்; ஆகவே நல்ல விதை வந்தது. இந்தக் கட்டுரையின் வாதத்தை அது மறுக்கவில்லை, உறுதி செய்கிறது. இந்தியா சும்மா பெற்றுக்கொள்ளவும் இல்லை; விதையை உள்நாட்டு ஆராய்ச்சி நிலையங்களில் மேம்படுத்தியது, கொள்முதலுக்கும் விலை நிர்ணயத்துக்கும் 1965இல் அமைப்புகளை உருவாக்கியது. அமைப்பு இருந்ததால்தான் சில ஆண்டுகளில் கப்பலை எதிர்பார்க்கும் நிலை மாறியது.

அதே வெற்றியின் மறுபக்கம் ஏரியில் தெரிந்தது. குட்டை ரகத்துக்குக் குறித்த நாளில் குறித்த அளவு தண்ணீர் வேண்டும். ஏரி மதகோ முறைவைத்துத் திறப்பது. கிணற்றில் மின்மோட்டார் வைத்தவர் சம்பாவோடு நிற்காமல் நவரையும் சொர்ணவாரியும் எடுத்தார். பிறகு பாசன மின்சாரமும் இலவசமாயிற்று. தன் கிணறு நிறைவதே ஏரியால்தான் என்பது தெரிந்தும், ஏரிக்காக மண்வெட்டி எடுக்கவேண்டிய அவசரம் அவருக்கு இல்லாமல் போயிற்று. வரத்துக்கால் அடைபட்டது, கரையில் கருவேலம் ஏறியது, மதகு திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி வேலைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. எந்த வல்லரசும் ஏரியை அழிக்கச் சொல்லவில்லை. அது அனுப்பிய விதை, ஏரியைச் சார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக ஏரியிலிருந்து விடுவித்தது. அதற்குப் பதிலாக இன்னொரு சார்பு வந்து சேர்ந்தது: உரம்.

இன்று உத்திரமேரூர்ப் பக்கம் நெல் வைப்பவர் 45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறார். அந்த விலை பல ஆண்டுகளாக அசையாததால் உலகம் அவருடைய வயலுக்கு வெளியே இருப்பதாகத் தோன்றும். ஆனால் பொட்டாஷ் ஏறத்தாழ முழுவதும் இறக்குமதி. ரஷ்யாவும் பெலாரஸும் பெரிய விற்பனையாளர்கள். டி.ஏ.பி.யும் அதன் மூலப்பொருளும் பெரும்பாலும் கடல் தாண்டி வருபவை. 2021 இறுதியில் சீனா தன் உழவருக்காக உர ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. 2022-23க்கான உர மானியத்துக்கு ஒன்றிய அரசு முதலில் ஒதுக்கிய 1.05 லட்சம் கோடி ரூபாய், ஆண்டு முடிவில் 2.5 லட்சம் கோடியைத் தாண்டியது. யூரியா மூட்டையின் விலை ஏறவில்லை; மூட்டைதான் பல இடங்களில் கிடைக்கவில்லை. அரசின் கஜானாவில் விழுந்த அந்தப் பள்ளம், வேறு எதற்கோ செலவாகியிருக்க வேண்டிய பணம். இரு வல்லரசுகள் தங்கள் காரணத்துக்காக எடுத்த முடிவுகளின் கணக்கு இங்கே வந்து தீர்க்கப்பட்டது. இந்த ஊர் அவர்களுடைய எண்ணத்தில் ஒரு நொடிகூட வந்திருக்காது.

வல்லரசின் நடத்தையைத் தேவைதான் தீர்மானிக்கிறது என்பதற்கு 2025 ஆகஸ்ட் மாதத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா 7ஆம் நாள் 25 விழுக்காடும், ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாக 27ஆம் நாள் மேலும் 25 விழுக்காடும் வரி விதித்தது. திருப்பூரின் பின்னலாடைக்கு முழு 50 விழுக்காடும் விழுந்தது. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஐபோனுக்கு அந்த வரி விழவில்லை. திறன்பேசிகள் விலக்குப் பட்டியலில் இருந்தன. ஒரே மாநிலம், ஒரே மாதம், அதே ஆணைகள். சட்டையை வியட்நாமிலோ வங்கதேசத்திலோ வாங்கிக்கொள்ளலாம். சீனாவை விட்டு நகரத் தொடங்கிய ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்துக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் தொழிற்சாலைக்கு உடனடி மாற்று கிடையாது. அதே ரஷ்ய எண்ணெயை இந்தியாவைவிட அதிகமாக வாங்கிய சீனாவுக்கு அந்தத் தண்டனை வரியே வரவில்லை. மோட்டார்களுக்கு வேண்டிய அருமண் காந்தங்கள் சீனாவின் பிடியில் இருந்தன. நட்பு, பகை, மக்களாட்சி என்ற சொற்களை வைத்து இந்த மூன்று முடிவுகளையும் ஒருசேர விளக்க முடியாது. யார் யாருக்குத் தேவை என்ற ஒரே அளவுகோல் விளக்கிவிடுகிறது.

இதனால் ஸ்ரீபெரும்புதூரின் பாதை பாதுகாப்பானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதே இடத்தில் நோக்கியா 2006இல் ஆலையைத் தொடங்கி, உலகச் சந்தையில் சரிந்து, வரி வழக்கிலும் சிக்கி, 2014இல் மூடியபோது பல ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். ஆலைக்குத் தேவைப்படுவது குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு இங்குள்ள கைகள். அந்தத் தேவை நாளை வேறு ஊருக்கு மாறலாம். அதோடு, சோழனுக்கும் கம்பெனிக்கும் ஏரியின் நீர் வேண்டியிருந்தது. இன்றைய உலக உற்பத்திச் சங்கிலிக்கு வேண்டியது நிலம். நீர் கேட்டவன் ஏரியைக் காப்பான். நிலம் கேட்பவனுக்கு ஏரி இடைஞ்சல். 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்குள் வயல்களோடு ஏரிகளும், அடுத்தடுத்த ஏரிகளுக்கு நீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயின் ஒரு பகுதியும் வருகின்றன. திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானத்தைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றியிருக்கிறார்கள். உத்திரமேரூர் இருக்கும் அதே மாவட்டத்தில் ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து ஓர் ஊர்ச் சபை கூடுகிறது. இந்த முறை பெண்களுக்கும் நிலமில்லாதவருக்கும் அதில் இடமுண்டு. அந்தத் தீர்மானத்துக்கு என்ன வலு என்பதுதான் கேள்வி.

யார் யாருக்குத் தேவை என்பதிலுள்ள சமமின்மை சுற்றுச்சூழலில் உச்சத்தைத் தொடுகிறது. தொழிற்புரட்சி முதல் இன்றுவரை எரிபொருளால் காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. இப்போது ஆண்டுதோறும் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சீனாவுடையது. உலக மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கொண்ட இந்தியாவின் இதுவரையான மொத்தச் சேர்க்கை சில விழுக்காடு மட்டுமே. அமெரிக்கா 1997 கியோட்டோ உடன்பாட்டை ஏற்றுறுதி செய்யவே இல்லை. 2015 பாரிஸ் உடன்பாட்டிலிருந்து விலகி, திரும்பிச் சேர்ந்து, 2025இல் மறுபடி விலகலை அறிவித்தது. ஏன் இவ்வளவு எளிதாக? காற்றைக் கெடுப்பதற்கு யாருடைய ஒத்துழைப்பும் தேவையில்லை. வரிக்கு உழவர் வேண்டும், போருக்குச் சிப்பாய் வேண்டும், திறன்பேசிக்குத் தொழிலாளி வேண்டும். கரியமில வாயுவுக்கு எந்த ஊரின் சம்மதமும் வேண்டாம். 2015 டிசம்பர் 1ஆம் நாள் காலை முதல் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகள் பல உடைந்தன. அந்த ஒரு மழையைப் புவி வெப்பமாதலின் கணக்கில் நேரடியாக எழுத முடியாது. அதை ஆராய்ந்த அறிவியலாளர்களே தெளிவான தொடர்பைக் காணவில்லை. ஆனால் வெப்பம் ஒரு பாகை ஏறினால் காற்று தாங்கும் ஈரம் சுமார் 7 விழுக்காடு கூடும் என்பது அடிப்படை இயற்பியல். பெய்தால் கொட்டுவதும் பொய்த்தால் வறள்வதும் இனிக் கூடும் என்று எதிர்பார்த்தே ஏரி மாவட்டம் திட்டமிட வேண்டியிருக்கிறது.

கடைசியாக, மிகவும் வலுவான மறுப்பு. ஏரியை ஆக்கிரமித்தது அமெரிக்காவா? வரத்துக்காலை மனைகளாக்கி விற்றது சீனாவா? நம் அரசுகளும் நம் ஆட்களும் செய்ததை வல்லரசின் தலையில் ஏற்றுவது தப்பித்தல் அல்லவா? இதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. சிறுபாசனம் ஊராட்சிகளுக்கு உரிய 29 துறைகளில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது. ஆனாலும் தமிழ்நாட்டில் நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், மற்றது ஊராட்சி ஒன்றியத்திடம். ஏரி உடைந்தால் ஊர் மனு எழுதுகிறது. குடிமராமத்து என்ற பெயரில் அரசு 2016-17இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் ஊருடையது, பணமும் அளவையும் துறையுடையவை. இது வல்லரசின் செயல் இல்லை. ஆனால் கம்பெனி தொடங்கிய வழக்கத்தைச் சுதந்திர அரசும் கைவிடவில்லை என்பதன் அடையாளம். ஊரின் கையிலிருந்து அமைப்பையும் வருவாயையும் எடுத்துக்கொண்ட ஒரு நாட்டில் வல்லரசின் முடிவு ஊர்வரை தடையின்றி இறங்கும். நடுவில் நிறுத்திப் பேரம் பேச ஆள் இருக்காது. ஆகவே உள்ளூர்க் குற்றமும் உலக ஆதிக்கமும் ஒன்றையொன்று மறுக்கும் விளக்கங்கள் அல்ல. முன்னது கதவைத் திறந்து வைக்கிறது, பின்னது நுழைகிறது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் வல்லரசுகளைத் திட்டுவதோ அவற்றின் மனம் இளகக் காத்திருப்பதோ அல்ல. நாட்டளவில், பிறருக்கு நாம் தவிர்க்க முடியாதவர்களாக இருக்கும் துறைகளை வளர்ப்பதும், உரத்தைப் போல நாம் மட்டும் கையேந்தும் துறைகளில் சார்பைக் குறைப்பதும் வேண்டும். 1966க்குப் பின் உணவில் இதைச் செய்து காட்டியிருக்கிறோம். ஊரளவில் இன்னும் எளிய, இன்னும் கடினமான ஒன்று வேண்டும். 921இல் தஞ்சையிலிருந்த அரசு உத்திரமேரூர் ஏரி வாரியம் சரியாக அமைவதற்காக ஓர் அதிகாரியை அனுப்பியது. அந்த ஏரி இல்லாமல் அதற்கு வருவாய் இல்லை. இன்று வாஷிங்டனுக்கும் பெய்ஜிங்குக்கும் அந்த ஏரி தேவையில்லை. சென்னைக்கும் டெல்லிக்கும் அதன் நெல் முன்போல் தேவையில்லை. வெள்ளத்தில் மிதக்கவும் கோடையில் குடிநீர் லாரிக்குக் காத்திருக்கவும் போகிற, அதன் கரைக்குக் கீழே வாழ்கிற குடும்பங்களுக்கு மட்டும்தான் அது தேவை. ஏரி யாருக்குத் தேவையோ அவர்தான் அதற்கு வாரியம் அமைப்பார் என்பது ஆயிரம் ஆண்டாக இந்த மண்ணில் மாறாத விதியென்றால், இனி எந்த அரசனின் ஓலைக்காகவும் காத்திருப்பதில் பொருளில்லை. மதகின் சாவியும், ஏரியின் வருவாயும், 360 நாளில் கணக்குக் கேட்கும் உரிமையும் அந்தக் குடும்பங்களிடம் இருக்க வேண்டும். இந்த முறை குடத்தில் எல்லோருடைய ஓலையும் இருக்க வேண்டும்.